என் வைஸை யாரும் தொடக்கூடாது

போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அனுபவியுங்கள்.

டீ குடித்துக்கொண்டே, மில்லிங் மிஷின் முன்னால் நின்றிருந்த ஒருவரிடம், "வைஸ் நேரா இருக்கா?" என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "செட் ஆகித்தான் சார் இருக்கு" என்றார். யார் செட் பண்ணியது? தெரியாது. எப்போது? தெரியாது. டயல் எங்கே? அலமாரியில். அலமாரி? பூட்டியிருக்கிறது. சாவி? சாவிக்காரர் லீவு. எனக்கு வந்த கோபத்தில் டீயில் சர்க்கரையே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

"செட் ஆகித்தான் இருக்கு." இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவனை எனக்குத் தெரியும். நான்தான் அவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்தது பம்பாயில், செம்பூரில் ஒரு ஷெட்டில். ஏழு மிஷின், ஒரு மின்விசிறி. மின்விசிறி முதலாளியின் மேசைக்கு மேலே. முதலாளி காயல்பட்டினத்துப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் 'பாய்'. விக்ரோலியில் இருந்த ஒரு பெரிய கம்பெனிக்குச் சில்லறைப் பாகங்கள் செய்து கொடுத்துத்தான் ஷெட் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மாட்டுங்காவிலிருந்து வருவேன். எங்கள் வீட்டில் அப்பா ஸ்டெனோ, அண்ணன் ஸ்டெனோ, அக்கா டைப்பிஸ்ட். நகத்தில் கிரீஸோடு வாசல்படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா எனக்கென்று தனி சோப்பு, தனித் துண்டு வைத்திருந்தாள். ஏதோ தொற்று நோய் வந்தவனைப் போல. அந்த வருத்தத்தை ஷெட்டில் வந்து தீர்த்துக்கொண்டேன். அங்கே ஐ.டி.ஐ. படித்தவன் நான் ஒருவன்தான். சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். சிரிக்காதீர்கள். ஊதுபத்தி ஏற்றாததுதான் பாக்கி. எல்லோரும் என்னை 'சாமி' என்று கூப்பிட்டதில் பாதி கிண்டல் என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை அந்த மில்லிங் மிஷின் என்னுடையது. இரண்டு மணிக்கு மேல் இசக்கிமுத்துவுடையது. இசக்கி தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நெசவு மில்லில் மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மில் மூடிவிட்டது. எட்டு மாதம் ஆண்டாப் ஹில்லில் மூட்டை தூக்கினார். அதற்குப் பிறகு பாய் அவரைச் சேர்த்துக்கொண்டார். கையில் காகிதம் எதுவும் கிடையாது, கை மட்டும்தான் இருந்தது. மிஷின் கைப்பிடியை மறுபடி பிடித்த அன்று அவர் அதைத் துடைத்த விதத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. நல்லவேளை.

இதை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: வைஸ் என்பது மிஷின் மேசையில் உட்கார்ந்து இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தாடை. ஒன்று அசையும், இன்னொன்று அசையாது. அசையாத தாடை மேசை ஓடும் திசைக்கு நூல் பிடித்தாற்போல நேராக இருக்க வேண்டும். அது கோணினால் வெட்டுவதெல்லாம் கோணல். நேராக இருக்கிறதா என்று டயல் என்ற அளவுக் கருவியின் ஊசியைத் தாடையில் தொடவைத்து, மேசையை ஓட்டிப் பார்ப்போம். ஊசி அசைந்தால் வைஸைத் தட்டித் திருத்துவோம். அவ்வளவுதான் வித்தை. அந்த வித்தையை அந்த ஷெட்டில் நான் மட்டும்தான் செய்யலாம் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். மிஷின் உடம்பில் 'வைஸைத் தொடாதே' என்று தமிழில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைக் கழுவி, வைஸைக் கழற்றித் துடைத்து, செண்டுமல்லி மாலை போட்டோம். பாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் குரலும் கொடுத்தார்.

"சாமி, அந்த டிரில் மிஷினுக்குப் பொட்டு வைக்கலியே. அது கோவிச்சுக்கிட்டா யாரு சமாதானம் பண்றது?"

சந்தனம் பூசுவது என் பொறுப்பு. என் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். வைஸின் அசையாத தாடையில் வலதுபக்கம் நாலு விரலால் பட்டையாக இழுத்துவிட்டேன். காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

விடுமுறை முடிந்து காலையில் வந்து வைஸை மேசையில் ஏற்றினேன். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம்: பூஜைச் சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டோம், தானாகப் போகட்டும் என்று விடுவோம். நானும் விட்டேன். டயலைப் போட்டேன். இடது முனையில் ஊசியைப் பூஜ்யத்தில் வைத்தேன். பிறகு மேசையை ஓட்டிக்கொண்டே பக்கத்து லேத்துக்காரரிடம், விடுமுறையில் என் மாமா ஜிலேபி சாப்பிட்டு மயங்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது முனைக்கு வந்ததும் பார்த்தேன், ஊசி நகர்ந்திருந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு. பூஜ்யம். போல்ட்டை இறுக்கினேன். முடிந்தது.

நடுவில் ஊசி சந்தனத்தின் மேல் ஏறியதை நான் பார்க்கவில்லை. மாமா விழுந்துகொண்டிருந்தார்.

ஆக, நான் நேராக்கியது தாடையை அல்ல, சந்தனத்தை. சந்தனத்தின் கனத்துக்குத் தாடை கோணிக்கொண்டு நின்றது. இதை இன்று எழுதுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது.

வேலை என்னவென்றால், கையளவு எஃகுக் கட்டியில் நேராக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பூஜை போட்ட மிஷினை உடனே, வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்ட மனசு வராமல் முதல் பீஸைத் தண்ணீர் திறக்காமல் வெட்டினேன். அளந்தேன். அச்சு வார்த்தாற்போல நேர். அதைக் கழுவாமலே, வழக்கப்படி, சுவர்ப் பலகையில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் பூவோடு வைத்தேன். இரண்டாவது பீஸுக்குத் தண்ணீரைத் திறந்தேன். அப்புறம் எதையும் அளக்கவில்லை. முதல் பீஸ் சரி, வைஸ் செட் பண்ணியது சாமி, பிறகு எதற்கு அளப்பது?

இரண்டு மணிக்கு இசக்கி வந்தார். நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாமி, பள்ளம் லேசா கோணி ஓடுது. ஒரு மட்டம் டயலப் போட்டுப் பாத்திருங்களேன்."

அவர் அதை என் காதுக்கு மட்டும்தான் சொன்னார். நான் ஷெட் முழுவதற்கும் பதில் சொன்னேன்.

"இசக்கி, நான் டயல் போட்ட வைஸாக்கும் அது. பூமி வேணா கொஞ்சம் சாஞ்சிருக்கும். சுத்தியலை எடுத்துண்டு போய் அதைத் தட்டி சரி பண்ணு!"

மற்ற மிஷின்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை, மிஷினுக்குப் போய் அடுத்த கட்டியை மாட்டினார். மூன்று நாள் நானும் அவரும் மாற்றி மாற்றி வெட்டித் தள்ளினோம். சரக்கு விக்ரோலிக்குப் போயிற்று.

அந்த ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. தப்பு பண்ணுவது இருக்கட்டும், கையில் இரும்பைத் தொடுகிற எவனும் தப்பு பண்ணுவான். ஒருவர் கண்ணால் பார்த்து, அளந்து, மரியாதையாக வந்து சொல்கிறார். அவரிடம் சர்டிபிகேட் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் வாயைச் சிரிப்பால் அடைத்தேனே, அதற்கு என்ன பெயர்? இப்போது உங்கள் ஷெட்டிலும் அப்படிச் சிரிக்கிறீர்கள். நான் பார்த்தேன். காண்டிராக்டில் வந்திருக்கிற அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தபோது நீங்கள் இரண்டு பேர் சிரித்தீர்கள்.

சரக்கு போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ஒரு நாள் காலை, டெம்போவில், பெட்டி பெட்டியாக. கூடவே விக்ரோலி கம்பெனியின் இன்ஸ்பெக்டர், ஒரு மராட்டிக்காரர். வழவழவென்ற சோதனைக் கல்லின்மேல் ஒரு பீஸை வைத்து டயலை ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பன்னிரண்டு கோடு. ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் அதில் பன்னிரண்டு. உங்கள் வீட்டுச் சுவருக்கு அது ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்துக்கு அது சாவு.

நிமிர்ந்து, "கிஸ்னே கியா?" என்றார். யார் செய்தது?

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வைஸ் பத்தடி தூரத்தில் இருந்தது. டயல் அவர் கையிலேயே இருந்தது. நாலு எட்டு நடந்து போய் அந்த ஊசியைத் தாடையில் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். வைக்கவில்லை! ஒரு மணி நேரம் கத்தினோம். யார், யார், யார். இரும்புக்கு வாய் உண்டு தம்பிகளே, கேட்டால் சொல்லும். மனிதர்கள் கூடினால் இரும்பிடம் கேட்கவே மாட்டோம், ஆளைத்தான் தேடுவோம்.

பாய் ஆள் அனுப்பி இசக்கியை வரவழைத்தார். இசக்கி சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டே வந்துவிட்டார். மதியம் வரை இழுக்கும் என்று நினைத்திருப்பார்.

"இசக்கி, வைஸ அசைச்சியா?"

"நான் தொடலயே மொதலாளி. தொடக்கூடாதுன்னு எழுதில்லா போட்டிருக்கு. நான் அன்னைக்கே சாமிகிட்ட..."

"பாய், ஒரு நிமிஷம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். ஓடிப்போய் சாமி படத்துக்கு முன்னால் இருந்த முதல் பீஸை, பூவோடு எடுத்து வந்தேன். "இது நான் வெட்டினது. செட் பண்ணின உடனே வெட்டினது. இதை அளந்து பாருங்கோ."

இன்ஸ்பெக்டர் அளந்தார். ஊசி ஒரு கோடுகூட அசையவில்லை.

வக்கீல் கோர்ட்டில் நிற்பதுபோல நின்றேன் நான். "காலம்பற நேரா இருந்த வைஸ் சாயங்காலம் எப்படிக் கோணும்? யாரோ இரும்புச் சுத்தியலால தட்டியிருக்கா. நான் யார் பேரையும் சொல்லலை." பேரைச் சொல்லவில்லையாம்! இசக்கியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பாய்க்கு விக்ரோலி வேலை போனால் ஷெட் போயிற்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைலருந்து வர வேண்டாம் இசக்கி."

செம்பூர் முழுவதும் ஷெட்டுகள்தான், ஆனால் எல்லா ஷெட்டுக்காரர்களும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். 'வேலையைக் கெடுத்தவன்' என்ற பேரோடு போகிறவரை இன்னொரு மிஷின்முன் யாரும் நிறுத்த மாட்டார்கள். திரும்ப ஆண்டாப் ஹில், திரும்ப மூட்டை. அது அவருக்கும் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியே நடந்தார்.

நான் வெற்றி வீரனாக அந்தப் பீஸைச் சாமி படத்துக்கு முன்னால் திரும்ப வைக்கப் போனேன். பூவை எடுத்து மேலே வைக்கும்போது பீஸைத் திருப்பினேன். பின்பக்கம், அதாவது அசையாத தாடையில் சாய்ந்திருந்த பக்கம், மஞ்சளாக ஒரு பட்டை. வலதுபாதியில் மட்டும். நாலு கோடு. என் நாலு விரல்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முதல் பீஸ் சந்தனத்தின்மேல் சாய்ந்து நேராக நின்றிருக்கிறது. இரண்டாவது பீஸுக்குத் தண்ணீரைத் திறந்தேன், சந்தனம் கரைந்து ஓடியது. அப்புறம் தாடை மட்டும்தான், கோணல் தாடை. இசக்கி சொன்னது சரி. தட்டியது நான்.

அடுத்து நான் செய்ததை எழுதப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன். கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்த மஞ்சளைத் தேய்த்தேன். முதல் விரல் கோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதைத் தேய்க்கும்போது சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு, பூனை பால் சட்டியை நக்குவதுபோல. அப்படி ஒரு அசிங்கமான முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை, இத்தனைக்கும் தினமும் சவரம் செய்கிறேன்.

பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாய் "சாமி, எங்க?" என்று கத்தினார். பஸ் ஸ்டாப்பில் இசக்கி ஏறிக்கொண்டிருந்தார். நானும் தொற்றி ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடும் இடுக்கியை டிக் டிக் என்று அடித்துக்கொண்டு வந்து என் முன் நின்றார். எண்ணெய்ச் சட்டையோடு ஓடி வந்தவன், பையில் ஒன்றும் இல்லை. இசக்கிதான் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே வாங்கினார்.

"இசக்கி, தப்பு என்னோடது. இதைப் பாரு, சந்தனம். நான்தான்..."

அவர் பீஸை வாங்கிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். நான் தேய்த்த இடத்தையும் பார்த்தார், அதுவும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

"இல்லை, உங்கிட்ட மன்னிப்பு..."

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்லா சாமி. தெரியாதவன்லாம் அங்கன நிக்கான். அங்க போயிச் சொல்லும்."

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த வார்த்தையிலிருந்து தப்ப வழி தெரியவில்லை. ஏனென்றால் நான் உண்மையிலேயே அதைத்தான் திட்டமிட்டிருந்தேன்: பஸ்ஸில், காதோடு காதாக, அழுதுவிட்டு, முடித்துவிடலாம் என்று. கத்தியது ஷெட்டில், மன்னிப்பு மட்டும் பஸ்ஸிலா? அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். வெயிலில் இருவரும் திரும்பி நடந்தோம்.

இன்ஸ்பெக்டர் கிளம்பவில்லை, பாயிடம் கத்திக்கொண்டிருந்தார். மற்ற மிஷின்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பூமியைத் தட்டச் சொன்ன அதே இடத்தில் நின்று, அதே தொண்டையில் சொன்னேன். சந்தனம், மாமா, ஜிலேபி, அளக்காமல் விட்டது, இசக்கி வந்து சொன்னது, நான் சிரிக்க வைத்தது, கட்டைவிரலால் தேய்த்தது. எல்லாம். நடுவில் ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் ஜோக் அது, தொண்டையில் குத்தியது.

இன்ஸ்பெக்டர் "சந்தன்?" என்றார், காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல. பிறகு அவரே எழுந்து போய் வைஸில் டயலை வைத்தார். வந்த உடனேயே செய்திருக்க வேண்டியதை. பன்னிரண்டு கோடு.

பாய் இசக்கியின் முன்னால் வந்து நின்றார். "கேக்காமச் சொல்லிட்டேன் இசக்கி. நீ பேச ஆரம்பிச்சே, நான் முழுசாக் கேக்கலை." என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வைஸ இப்ப யாரு செட் பண்றது?" என்று பொதுவாகக் கேட்டார்.

இசக்கி பையைக் கழற்றாமலே முன்னால் வந்தார். தாடை முழுவதையும் வெறும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். துணி சொல்லாததைத் தோல் சொல்லும். டயலைப் போட்டார். மேசையை மெதுவாக ஓட்டினார், ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நடுவில் ஒரு விரல்கடைகூட விடாமல்.

"தட்டும்" என்றார். சுத்தியல் என் கையில் இருந்தது. தட்டினேன்.

"இன்னும்."

தட்டினேன்.

"கூடிப்போச்சு. அந்தப் பக்கம். மெல்ல, இது என்ன தேங்காயா?"

யாரோ சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் முழுதாக ஓட்டிப் பார்த்தார். இறுக்கும்போது வைஸ் நகரும், அதையும் நான் பார்க்காமல் விட்டிருந்தேன். இரண்டு கோடு நகர்ந்திருந்தது. அவிழ்த்து, தட்டி, இறுக்கி, மூன்றாவது தடவை. ஊசி செத்ததுபோலக் கிடந்தது.

"சரியா இருக்கு" என்றேன் நான்.

"நீரு சொல்லாதேயும்" என்றார் இசக்கி. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

இசக்கி மேசையில் என் பக்கமாக ஒரு எஃகுக் கட்டியைத் தள்ளினார். பிறகு வாசலைப் பார்த்து நடந்தார். போய்விடுகிறார் என்று நினைத்தேன்.

"இசக்கி!"

"என்னவே? இது உம்ம ஷிப்டு. ஓட்டும். நான் ரெண்டு மணிக்கு வாரேன்."

வந்தார். ஐந்து நிமிடம் முன்னதாகவே. சாக்பீஸால் நான் எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்தார். சட்டையை மாற்றவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, நேராக அலமாரிக்குப் போய் டயலை எடுத்து வந்து என் வைஸில் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு, அவருக்கு ஊசி தெரிவதற்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.